குட்டி வண்டிக்கு எத்தன பன்னாட்டு!

ஏங்கண்ணு, பிட் பைக் வாங்கிப்போட்டியாமா? ஊரே பேசுது. வண்டி இன்னும் டெம்போவுல இருந்து எறங்கல, அதுக்குள்ள ஸ்டிக்கர் ஒட்ட ஆளு வந்து நிக்கிறான். ஹெல்மெட்டுல கேமரா மாட்டத் தனியா ஒரு கொக்கி. முதுகுல தண்ணிப் பை, அதுல இருந்து வாய்க்கு ஒரு குழாய். நீ ஓட்டப்போறது நம்ம தோட்டத்துக்கு மேக்கால கெடக்குற வறக்காட்டுல. பத்து எட்டு வச்சா மோட்டார் ரூம்பு, தொறந்தாத் தண்ணி. எதுக்குச் சாமி குழாய்? சகாராவுக்கா போற?

இந்த வண்டியோட வம்சம் தெரியுமா உனக்கு? வெளிநாட்டுல பைக் ரேஸ் நடக்குற எடத்துல, வண்டி ரிப்பேர் பாக்குற கொட்டாய்க்கும் கேண்டீனுக்கும் நடக்கச் சோம்பல்பட்டவன் வச்சிருந்த குட்டி வண்டி இது. அதுக்கும் முன்னால போனா 1961. ஜப்பான்ல, டோக்கியோவுக்குப் பக்கத்துல, டாமா டெக்குன்னு ஒரு விளையாட்டுப் பூங்கா. அங்க வாரவங்க ஏறிச் சுத்துறதுக்கு ஹோண்டாக்காரன் சின்னூண்டு சக்கரம் வச்சு ஒண்ணு பண்ணுனான். பொறவு அந்த வம்சத்தையே மங்கின்னு பேரு வச்சு ஊரு ஒலகமெல்லாம் வித்தான். ஆகமொத்தம், ஒண்ணு இது ராட்டினத்துக்குப் பங்காளி, இல்லாட்டி டீ வாங்கப் போற வண்டி. நீ என்னடான்னா, போருக்குப் போற மொகத்த வச்சுக்கிட்டு அது மேல கால் போட்டு போட்டோ எடுக்குற.

செட்டிபாளையத்துல 2003-லயே கரி மோட்டார் ஸ்பீடுவே தொறந்துட்டாங்க. ரேஸுன்னா என்னன்னு கோயமுத்தூர்க்காரனுக்கு நீ வந்து பாடம் எடுக்கோணுமா?

"தாத்தா, இது ஆஃப்ரோடு. இதுக்கெல்லாம் தனி டெக்னிக்"குங்கிற. சரி, தெரியாதவன் கேக்குறேன். இடது கைப்பக்கம் கிளட்ச் பிடியக் காணமே, எங்க? கெடையாது, இல்ல? ஹோண்டா சிஆர்எஃப்110, கவாசாகி கேஎல்எக்ஸ்110 ரெண்டுமே அப்பிடித்தான். என்ஜின் வேகமாச் சுத்துனா உள்ளார இருக்குற கட்டை விரிஞ்சு தானாப் புடிச்சுக்கும். வேகம் கொறஞ்சா விட்டுரும். டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுல இருக்குறதும் இதே சங்கதிதான். ஓசூர்க்காரன் 1980-ல டிவிஎஸ் 50 விட்டான். அந்த வம்சத்து வண்டியில ரெண்டு பக்கமும் பால் கேனத் தொங்கவுட்டு, இட்டேரி மண்ணுல, மழையில, இருட்டுல போறாங்க நம்ம பால்காரங்க. அவங்கள்ல ஒருத்தராச்சும் டெக்னிக்குன்னு வாயத் தொறந்தாங்களா? உன்றதுல காலால மாத்துறதுக்கு நாலு கியர் எச்சு. அம்புட்டுத்தான். அதுலயும் ஹோண்டாவுல நியூட்ரல் அடியில, நாலு கியரும் மேல. தூக்கத்துலகூடப் படிச்சுக்கலாம்.

உன்ற சேக்காளி வச்சிருக்குறானே சைனா 125, அதுக்குத்தான் கிளட்ச் உண்டு. புதுசாப் புடிச்ச கன்னுக்குட்டிக்குக் கயித்த விடுற மாதிரி அத விடோணும். அவன் எங்க விடுறான்? படார்னு விட்டுப்போட்டு, வண்டி நின்னதும் சுத்திமுத்தும் பாத்து, "கார்புரேட்டர்ல தூசி"ங்கிறான்.

மொத நாளு என்ஜினையே எடுக்காத. சிரிக்காத கண்ணு, நெசமாத்தான் சொல்றேன். எழுவத்தாறு கிலோ சொச்சம் வண்டி. அதப் புடிச்சுத் தள்ளிக்கிட்டே காட்ட ஒரு சுத்து சுத்தி வா. தள்ளுறப்பவே முன் பிரேக்கு எங்க புடிக்குது, பின் பிரேக்கு எங்க புடிக்குதுன்னு பாரு. ஒருதடவ கீழ சாச்சு, நீயே தூக்கி நிறுத்து. எப்பிடியும் அது சாயத்தான் போகுது. அன்னைக்குத் தூக்கிவுட ஆளத் தேடாம இருக்கலாமில்ல?

அப்பறமா கிக்கர ஒதை. அதுக்கு முன்னால பெட்ரோல் டேப்பத் தொறந்தியா? வெடியக் காலைல குளிர்ந்து கெடந்தா சோக்கு இழுத்தியா? ரெண்டையும் மறந்துபோட்டு வேர்க்க வேர்க்க ஒதைச்சு, கடைசில மெக்கானிக்குக்குப் போன் போடுறவங்கதான் எச்சு. அவன் வந்து டேப்பத் திருப்பிவுட்டுப்போட்டு, வந்த கூலியும் வாங்கிக்கிட்டுப் போவான்.

இப்பத்தான் வெவகாரமே. சேக்காளிக உன்னச் சுத்தி நின்னு செல்போனத் தூக்கிப் புடிப்பாங்க. நீயும் ஒரு முறுக்கு முறுக்குவ. வண்டி திடுக்குனு கெளம்பும், ஒடம்பு பின்னால சாயும். ஒடம்பு சாஞ்சாக் கை இழுபடும். கை இழுபட்டா ஆக்சிலேட்டர் இன்னும் முறுகும். முறுகுனா வண்டி இன்னும் பாயும், ஒடம்பு இன்னும் சாயும். நீ விடோணும்னு நெனைப்ப, கை விடாது. பயந்த கைக்குப் புடிக்கத்தான் தெரியும். கிளுவ வேலிக்கு அந்தப்பக்கம் போயித்தான் எல்லாம் அடங்கும். பொறவு செல்போன்ல அத எத்தன தடவ பாத்து என்ன பண்ண?

இதுக்கு வைத்தியம் இருக்குது. பிடிய மேல இருந்து புடிக்காத, மணிக்கட்டு கொஞ்சம் எறங்குனாப்ல இருக்கோணும். அப்ப நெனைச்சாலும் நெறைய முறுக்க வராது. முன் பிரேக்கு மேல ஒரு வெரல் எப்பவும் கெடக்கட்டும். முழங்கால் ரெண்டாலயும் வண்டிய இறுக்கு, ஒடம்ப முன்னால கொண்டா. பெரும்பாலான குட்டி வண்டிகள்ல ஆக்சிலேட்டர் பிடிக்கிட்ட ஒரு திருகு இருக்கும். அத உள்ள திருகி வச்சா முழுசா முறுக்கவே முடியாது. பசங்களுக்குன்னு வச்சதுதான். அதனால என்ன? வெக்கப்படாமத் திருகு. நெஞ்சளவு தாடி வச்சவனா இருந்தாலும் மொதவாட்டி ஏறுறப்ப அவனும் பையன்தான்.

சைலன்சர் மாத்தப்போறியாமா? சத்தம் வரோணுமா? பக்கத்துத் தோட்டத்து எருமை இப்பவே கறக்க மாட்டேங்குது. சைலன்சருக்குக் காசிருக்குது, காலுக்குப் பூட்ஸ் வாங்கக் காசில்ல, ரப்பர் செருப்போட ஏறுற. சாயுற வண்டிக்கு அடியில மாட்டுறது கணுக்கால்தான். சுடுகுழாய் பட்டாக் கெண்டக்கால் தோலு அப்பிடியே உரிஞ்சு வந்துரும். கைய ஊனி விழுந்தாக் காறையெலும்பு போயிரும். நான் பன்னாட்டு வேண்டாம்னுதான் சொல்றேன், பாதுகாப்பு வேண்டாம்னு சொல்லல. தாடை மூடுன ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, முழங்கால் கவசம், பூட்ஸ். இதுல பேரம் பேசாத. ஸ்டிக்கர்காரன்கிட்டப் பேசு.

பிரேக்கு வெசயம் ஒண்ணு. தார் ரோட்டுல ஓட்டிப் பழகுனவன் புழுதியில வந்து முன் பிரேக்க முழுசாப் புடிச்சான்னா, முன் சக்கரம் வழுக்கும், மூஞ்சி மண்ண முத்தமிடும். பின்னது பூட்டிக்கிட்டா வால் மட்டும் கொஞ்சம் ஆடும், சமாளிச்சுக்கலாம். ரெண்டையும் மெதுவா, சேத்து. அப்பறம், பாக்குற பக்கந்தான் வண்டி போகும். காட்டுல ஒத்தக் கல்லு கெடந்தாலும் அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டுப் போயி அதுமேலயே ஏத்துவாங்க பாரு, அது தனித் தெறம.

குண்டு குழியில உக்காந்தே போகாத. மிதிக்கட்டை மேல எந்திரிச்சு நில்லு, முழங்கால மடக்கி வையி, அடிய உன்ற காலு வாங்கிக்கும். "சஸ்பென்சன் சரியில்ல, பெரிசு மாத்தோணும்"ங்கிற இப்பவே. ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணலாமா. சீட்டு ஒசரம் ரெண்டேகால் அடிகூட இல்ல, முன் சக்கரம் பதினாலு இஞ்சு, பின்னது பன்னெண்டு. அஞ்சே முக்கால் அடி ஆளு உக்காந்தா முழங்கால் காதுக்கு வரத்தான் செய்யும். அதுக்கு வண்டி என்ன பண்ணும்? ரெண்டு தேங்கா மட்டையப் போடு. அதச் சுத்தி எட்டு போடு, கால ஊனாம, ஒண்ணாங் கியர்ல, நடக்குற வேகத்துல. வேகமாப் போக எந்த மூடனாலும் முடியும் கண்ணு.

ரோட்டுக்கு மட்டும் கொண்டுபோயிராத. முன் லைட்டு இல்ல, நம்பர் பிளேட்டு இல்ல, ஆர்டிஓ ஆபீஸ்ல பதியவும் முடியாது. டீக்கடை வரைக்குந்தானேன்னு போவ. போலீஸ்காரர் அங்கதான் டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு. எட்டாவது படிக்குற உன்ற தம்பிகிட்டக் குடுத்து ரோட்டுக்கு அனுப்புனீன்னா அது வேற கதை. 2019-ல சட்டத்தத் திருத்தி வச்சிருக்குறாங்க. பதினெட்டு வயசு ஆகாதவன் ஓட்டித் தப்பு நடந்தாப் பெத்தவனுக்கும் வண்டிக்காரனுக்கும் 25,000 ரூவா அபராதம், மூணு வருசம் வரைக்கும் செயிலு. உங்கப்பன் பாவம், பாத்திக்குத் தண்ணி கட்டுறவன்.

பொழுதோட வண்டிய அப்பிடியே சாச்சு வச்சுப்போட்டு வீடியோ எடிட் பண்ண ஓடாத. செயினு தொய்ஞ்சிருக்குதா பாரு. ஏர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கும், பஞ்சு. நம்ம செம்மண்ணு அதுல ஏறி அடைச்சுக்கிட்டா என்ஜின் மூச்சுத் திணறும். சோப்புத் தண்ணியில அலசிக் காயவச்சு, அதுக்குன்னு விக்கிற எண்ணெய லேசாத் தடவி மாட்டு. அதுக்குன்னு விக்கிற எண்ணெய்னு சொன்னேன், கேட்டுதா? கிண்ணத்தத் தூக்கிக்கிட்டுப் போயி உங்கம்மாகிட்டத் தேங்கெண்ணெய் கேட்டு நிக்காத.