எந்த மாற்றமும் செய்யப்படவில்லை

அனுப்புநர்:
துணை வட்டாட்சியர் (ஓய்வு), கும்பகோணம்.
(பெயர், கைபேசி எண், பிறந்த தேதி ஆகியவை ஏற்கெனவே தங்கள் வசம் உள்ளன.)

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு,
பெயரை நான் வெளியிட விரும்பாத ஒரு மடிக்கணினி நிறுவனம்.

பொருள்: மடிக்கணினி – ஒன்று – தொழிற்சாலை நிலைக்குத் திரும்பக் கோரியது – திரும்ப மறுத்தது – காரணம் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி மடிக்கணினித் திரையில் தோன்றிய நீல நிற அறிவிப்பு.
2. தங்கள் இலவச அழைப்பு எண்ணில் நான் 22 நிமிடம் கேட்ட புல்லாங்குழல் இசை.

ஐயா / அம்மையீர்,

வருவாய்த் துறையில் 34 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். அதனால் இதை ஒரு வாடிக்கையாளரின் புகார் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிலில் நம்மை மிஞ்சிய ஒருவரைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கும்பிடுதான் இது.

நடந்தது இதுதான். என் பேத்திக்குக் கோவையில் கல்லூரி கிடைத்தது. ஓய்வுபெற்றதும் நான் வாங்கிய தங்கள் மடிக்கணினியை அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். கொடுக்கும் முன் அதிலிருந்த என் சர்க்கரை அளவுக் குறிப்பு, சீட்டுக் கணக்கு, சம்பந்திக்கு எழுதி அனுப்பாமல் வைத்த நான்கு கடிதங்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட நினைத்தேன். "ரீசெட் குடுங்க தாத்தா. கடையில வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆயிடும்" என்றாள். எனக்கும் மூட்டுவலி வருவதற்கு முந்தைய நிலைக்குப் போக ஆசைதான். எனக்கு வாய்க்காதது இதற்காவது வாய்க்கட்டும் என்று பொத்தானை அழுத்தினேன்.

சார்ஜரைச் செருகினால்தான் ஆரம்பிப்பேன் என்றது. செருகினேன். "எல்லாவற்றையும் நீக்கவா?" என்றது. நீக்கு என்றேன். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. 1 சதவீதம், 2 சதவீதம் என்று ஏறி 36-இல் நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், 36. செய்தி முடிந்து வந்து பார்த்தேன், 36. எங்கள் அலுவலகத்தில் இந்த நிலைக்குப் பெயர் 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது'. இரவு பத்தரை மணிக்கு, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி. அதன் பிறகுதான் பார்வை 1-இல் கண்ட வாசகம் வந்தது:

"உங்கள் கணினியை ரீசெட் செய்வதில் ஒரு பிரச்சினை ஏற்பட்டது. எந்த மாற்றமும் செய்யப்படவில்லை."

அடியில் ஒரே ஒரு பொத்தான்: 'ரத்து'. நடக்காத வேலையை எப்படி ரத்து செய்வது என்று அரைமணி நேரம் யோசித்தேன்.

அந்த வாசகத்தின் அழகைப் பாருங்கள். பிரச்சினை 'ஏற்பட்டது'. மழை பெய்கிற மாதிரி, யார் பொறுப்பும் இல்லாமல். மாற்றம் 'செய்யப்படவில்லை'. யாரால் என்று கேட்க இடமில்லை. என்ன பிரச்சினை என்ற பேச்சே கிடையாது. எங்கள் இளநிலை உதவியாளர்களுக்கு இப்படி எழுவாயை ஒளித்து ஒரு வரி எழுதப் பழக இரண்டு வருடம் பிடிக்கும். தங்கள் இயந்திரம் பிறக்கும்போதே அதைக் கற்றுக்கொண்டு வருகிறது.

மறுநாள் தங்கள் இலவச எண்ணை அழைத்தேன். புல்லாங்குழல் முடிந்ததும் ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை. "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?" என்றார். பார்த்தேன் என்றேன். "இன்னொரு தடவை ரீசெட் குடுத்துப் பார்த்தீங்களா?" என்றார். மூன்று தடவை என்றேன். "அப்ப கிளவுட் டவுன்லோடுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைக் குடுங்க" என்றார். இருந்தது. 2020 முதல் விண்டோஸில் இருக்கும் வசதி அது. கணினிக்குள் இருக்கும் கோப்புகளை நம்பாமல் இணையத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுமாம். 4 ஜிபிக்கு மேல் ஆகும் என்று அதுவே எச்சரித்தது. என் கைபேசித் திட்டத்தில் நாளுக்கு ஒன்றரை ஜிபி. தொழிற்சாலை நிலையை மூன்று நாள் தவணையில் வாங்கும் நிலையில் நானிருந்தேன்.

வேறு வழியில்லாமல் படிக்க உட்கார்ந்தேன். ஒரு கோப்பு ஏன் நகரவில்லை என்று கண்டுபிடிப்பதுதானே என் தொழில்?

ஒரு காலத்தில் கணினி வாங்கினால் கூடவே ஒரு மீட்புக் குறுந்தகடு கொடுத்தீர்கள். பிறகு, வட்டு நாங்கள் தரமாட்டோம், நீங்களே ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். அதன்பின் கணினியின் வட்டிலேயே ஒரு மூலையைத் தடுத்து, அதற்கு ரெகவரி பார்ட்டிஷன் என்று பெயர் வைத்து, மீட்புச் சாமானை அங்கே பூட்டினீர்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஒரு பொத்தானில் ரீசெட் வந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபின் தனிப் பிரதியே தேவைப்படவில்லை. தன்னிடம் இருக்கும் கோப்புகளையே எடுத்துத் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் ஏற்பாடு. வட்டில் இடம் மிச்சம், சரிதான். ஆனால் அந்தக் கோப்புகளே கெட்டுப்போனால்? விழுந்த வீட்டின் உளுத்த உத்தரத்தை எடுத்துப் புது வீட்டுக்குப் போட்ட கதைதான்.

எங்கள் துறையைக் கேலி செய்யாதவர் இல்லை. ஆனாலும் கிராமத்தில் ஓர் அ-பதிவேடு இருந்தால் வட்ட அலுவலகத்தில் அதற்கு ஒரு பிரதி இருக்கும். கிராம நிர்வாக அலுவலரின் அலமாரியைக் கரையான் தின்றாலும் நிலம் யாருடையது என்று சொல்ல இன்னோர் இடத்தில் காகிதம் உண்டு. மூலமும் நகலும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துப் புத்தி. தாங்கள் இன்னும் அந்தக் காலத்துக்கே வந்து சேரவில்லை.

தங்களை மட்டும் குறை சொல்லவில்லை. 2024 ஜனவரியில் மீட்புப் பகுதிக்கென்று வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பலருடைய கணினிகளில் அந்தப் பகுதிக்குள் இடம் போதாமல் வெளியிலேயே நின்றது. 250 எம்பி இடத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று வழிமுறை வந்தது. ஆவணக் காப்பறையில் அலமாரி போதவில்லை, மனுதாரரே சுவரை இடித்துக்கொள்ளலாம் என்று எங்கள் அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் சட்டமன்றம் வரை போயிருக்கும். 2025 ஆகஸ்டில் வந்த மாதாந்திரப் புதுப்பிப்பு, விண்டோஸ் 10-இலும் 11-இன் பழைய பதிப்புகளிலும் ரீசெட் வேலையையே கெடுத்தது. ஒரு வாரத்தில் திருத்தம் வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களிடம் ஒரு பிழைத் திருத்தத்துக்கு ஆறு மாதம் ஆகும்.

படித்ததைச் செய்து பார்த்தேன். கறுப்புத் திரையில் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' என்று தட்டினேன். சேதமடைந்த கோப்புகளைக் கண்டதாகவும் அவற்றில் சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை என்றும் பதில் வந்தது. எவை, ஏன் என்பதெல்லாம் வேறொரு பதிவேட்டில் பார்க்கவாம். தணிக்கைக் குறிப்பு படித்துப் பழகிய எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் மீட்புச் சூழல் திறக்கும் என்று படித்தேன். திறந்தது. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கருக்குச் சாவி கேட்டது. 48 இலக்கம்! ஆறு ஆறாக எட்டுக் கட்டு. நான் பூட்டு போட்ட ஞாபகமே இல்லை. தேடிப் பார்த்ததில், கணினியை முதலில் திறந்து யாருடைய கணக்கில் நுழைந்தோமோ அவர் கணக்கில் சாவி போய் உட்கார்ந்திருக்கும் என்று தெரிந்தது. முதலில் திறந்தவர் என் மாப்பிள்ளை. சொத்து என் பேரில், பத்திரம் மாப்பிள்ளை பேரில். இது தஞ்சாவூர் ஜில்லாவில் புதிதல்ல என்பதால் நான் அதிர்ச்சியடையவில்லை. அவர் துபாயிலிருந்து எண்ணை வாசிக்க, நான் எழுதிக்கொண்டேன். ஒவ்வோர் ஆறிலக்க எண்ணும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டுமாம், தட்டும்போது தவறினால் பிடிப்பதற்கு. எட்டையும் வகுத்துப் பார்த்தேன். வகுபட்டது. அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே திருப்தி அதுதான். உள்ளே போய் மறுபடி ரீசெட் கொடுத்தேன். எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.

திருச்சியில் உள்ள தங்கள் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஏசி நன்றாக இருந்தது. டோக்கன் கொடுத்தார்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். மீட்புப் பென் டிரைவ் விலைக்காவது கிடைக்குமா என்றதற்கு, மாடல் பழசு என்றார்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றிவிடலாம், வரியோடு 11,800 ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். டிஸ்க் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். "மாத்திட்டா தெரிஞ்சிடும் சார்" என்றார்கள்.

திரும்பி வந்து கும்பகோணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று மூன்று பலகை மாட்டிய ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரத் தம்பிக்கு என் பேத்தியைவிட ஐந்து வயது கூட இருக்கும். 48 இலக்கத் தாளைப் பெருமையோடு நீட்டினேன். "உள்ள போய்ப் பார்க்கணும்னாத்தான் சார் சாவி. எல்லாத்தையும் அழிக்கத்தானே போறீங்க? வீட்டை இடிக்கிறதுக்குச் சாவி எதுக்கு?" என்றார். எனக்கு ஞானம் பிறந்த இடம் அது.

எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸ் இறக்கி வைத்திருந்தார். அதிலிருந்து கணினியைத் திறக்க எந்த விசையை அழுத்த வேண்டும் என்று கேட்டேன். "ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொண்ணு சார். எஃப்2, எஃப்9, எஃப்12, எஸ்கேப். தட்டிப் பாக்குறதுதான்" என்றார். தட்டினார், திறந்தது. வட்டில் இருந்த பாகப்பிரிவினை எல்லாவற்றையும், தங்கள் புனிதமான மீட்பு மூலை உட்பட, அழித்துவிட்டு ஒரே மனையாக்கினார். லைசென்ஸ் எண் கேட்குமே என்று பதறினேன். கேட்காது, அது மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது என்றார். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வைஃபை மட்டும் பிடிக்கவில்லை. அதற்கான டிரைவர் தங்கள் தளத்தில் ஒழுங்காக இருந்தது. அதற்கு நன்றி. டிஸ்க்குக்கும் ஒரு கோளாறும் இல்லை.

இங்கே ஒரு சட்டச் சிக்கலைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வாங்கிய அன்று அதில் முப்பது நாள் இலவச வைரஸ் காவலாளி ஒருவர், நான் கேட்காத மூன்று விளையாட்டுகள், தினமும் காலையில் எட்டிப்பார்த்து வாரண்டியை நீட்டிக்கச் சொல்லும் ஓர் உதவியாளர் ஆகியோர் குடியிருந்தார்கள். இப்போது ஒருவரையும் காணவில்லை. ஆகவே கணினி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பவில்லை. அதைவிட நல்ல நிலைக்குப் போய்விட்டது. இது விதிமீறலா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

கோரிக்கைகள் பெரிதாக ஒன்றுமில்லை. கணினியோடு ஒரு மீட்புப் பென் டிரைவ் கொடுங்கள். முடியாவிட்டால் அதைத் தயார் செய்யச் சொல்லி முதல் நாளே நினைவூட்டுங்கள்; வாரண்டி நீட்டிப்புக்கு நினைவூட்டும் அந்த உதவியாளருக்கு இந்த வேலையையும் கொடுக்கலாம். எந்த விசை என்று அடிப்பாகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அங்கே ஏற்கெனவே ஏழு ஸ்டிக்கர் இருக்கின்றன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரிலேயே அதற்கு இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. தாங்கள் இரண்டாவதில் வருகிறீர்கள்.

கடைசியாக, பொருளில் கண்ட 'காரணம் கேட்டல்'.

நான் உதவியாளராக இருந்தபோது பட்டா மாறுதலுக்கு ஒரு பெரியவர் வந்தார். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் 'ஏற்க இயலவில்லை' என்று எழுதித் திருப்பினேன். மூன்றாவது முறை அவர் கோபப்படவில்லை. "இல்லைங்கிறதுக்கு என்ன காரணம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சாமி, ஊர்ல போய்ச் சொல்லணும்" என்றார். உண்மையில் காரணம் ஒன்று இருந்தது. உட்பிரிவு எண் தவறியிருந்தது. எழுதியிருந்தால் ஒரே நாளில் திருத்திக்கொண்டு வந்திருப்பார். எனக்குச் சோம்பல். பத்தரை மணிக்கு அந்த நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவர் குரல் கேட்டது.

ஆனால் அவரிடம் நான் கொடுத்த காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தான். தங்கள் திரையில் அதுவும் இல்லை. முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். எந்தக் கோப்பு கெட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். அடியில் யாராவது கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துணை வட்டாட்சியர் (ஓய்வு).

இணைப்பு:
1. ஆறிலக்க எண்கள் எட்டையும் 11-ஆல் வகுத்துச் சரிபார்த்த தாள் (மீதி மட்டும், எண்களைத் தர இயலாது).
2. பஸ் நிலையக் கடை ரசீது, ரூ. 500. அதில் கண்டுள்ளபடி: 'சிஸ்டம் ஃபைல் கரப்ட். ரீசெட் ஆகாது. எல்லாம் அழிச்சுப் புதுசா போட்டது.' அடியில் கையெழுத்து உள்ளது.