நன்றியை வசூலிப்பது எப்படி? புங்குடுதீவுக்கு வருவோருக்கான வழிகாட்டி

ரொறன்ரோ, பரிஸ், சூரிச், லண்டன் என்று பல வருஷம் இருந்துவிட்டு, கோவில் திருவிழாவுக்கோ காணி அலுவலுக்கோ புங்குடுதீவில் வந்து இறங்குகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. வந்து ஒரு கிழமைக்குள் இவர்களில் அனேகர் ஒரே முறைப்பாட்டைத் தொடங்குவார்கள்: "எவ்வளவு செய்தாலும் ஒரு தாங்க்ஸ்கூடச் சொல்லினமில்லை." செய்த உதவி போய்ச் சேர்ந்துவிட்டது, ரசீதுதான் வரவில்லை என்பது இவர்களுடைய மனக்குறை. கவலை வேண்டாம். முறை அறிந்து நடந்தால் இந்தத் தீவிலும் நன்றியை வசூலிக்கலாம். கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

படி 1: பஸ்ஸில் இடம் கொடுங்கள்

யாழ்ப்பாணத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். பண்ணை, அல்லைப்பிட்டி, வேலணை கடந்து குறிகட்டுவான் வரை போகும். வழியில் ஓர் ஆச்சி இரண்டு பைகளோடு ஏறுவார். எழும்பி இடம் கொடுங்கள். கவனம் தேவைப்படுவது இனித்தான். நன்றியை ஏற்றுக்கொள்வதற்கான சிரிப்பை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருந்தால் கன்னம் நோகும். ஆச்சி முதலில் இருப்பார். சேலையைச் சரிப்படுத்துவார். உங்கள் தோளில் தொங்கும் பையைக் கேட்காமலே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். அதன் பிறகு விசாரணை ஆரம்பமாகும்.

"நீர் ஆற்றை பிள்ளை?"

தகப்பன் பெயர் மட்டும் போதாது. பேரன் பெயர், எத்தனையாம் வட்டாரம், தாய்வழி எந்தப் பக்கம் என்பதெல்லாம் கைவசம் இருக்கட்டும். எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும், உங்கள் அப்பா சின்ன வயதில் யாருடைய வளவில் மாங்காய் களவெடுத்தார் என்ற செய்தியை ஆச்சி முழு பஸ்ஸுக்கும் அறிவிப்பார். நீங்கள் வசூலிக்க வந்த நன்றி அதுதான். இடம் கொடுத்த அந்நியரை ஊராளாகப் பதிந்தாயிற்று. ஒரு சொல்லில் நன்றியை முடித்திருந்தால் கடைசித் தரிப்பு வரைக்கும் நீங்கள் அந்நியராகவே நின்றிருப்பீர்கள்.

வேலணை தாண்டியதும் இரு பக்கமும் கடல். பஸ் போய்க்கொண்டிருப்பது வாணர் பாலத்தில். பெரியவாணர், சின்னவாணர் என்ற சகோதரர்களின் முயற்சியால் வந்த வழி, அவர்கள் பெயராலேயே நிற்கிறது. இந்தத் தீவு யாருக்காவது சொன்ன மிகப் பெரிய நன்றி இதுதான். ஆனாலும் பாலத்தில் போகிறவர்கள் அவர்களை நினைத்து உருகிக்கொண்டு போவதில்லை; மீன் விலையையும் மருமகளையும் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்கள். பெரிய நன்றியின் இலட்சணமே அது. பெயர் வாயில் இருக்கும், நினைப்பு வேறெங்கோ இருக்கும். உங்கள் பெயரும் ஊர் வாயில் நிற்கவேண்டுமென்றால் தடை ஒன்றுமில்லை. ஒரு கடலைக் கடக்க வழி செய்துவிட்டு வாருங்கள்.

படி 2: துறையில் கை கொடுங்கள்

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவான் துறையில்தான் படகேறவேண்டும். படகு எழும்பித் தாழும்போது காலை எப்போது வைப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள். உள்ளேயிருந்து ஒரு கை நீளும். பிடித்துக்கொண்டு ஏறுங்கள். நன்றி சொல்வதற்கு அந்தக் கைக்குரிய முகத்தைத் தேடினீர்களென்றால், அது இப்போது அடுத்தவரை இழுத்துக்கொண்டிருக்கும். மேலும் தேடினால் பின்னால் நிற்பவர் "உள்ளுக்குப் போங்கோ அண்ணை" என்று முதுகில் கை வைப்பார்.

துறையின் சட்டம் எளியது. ஏறியவர் திரும்பி நின்று, பின்னால் வருபவருக்குக் கை கொடுக்கவேண்டும். வாங்கிய கடனை வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்கும் வசதி இங்கே இல்லை. வரிசையில் அடுத்து நிற்பவரிடம்தான் அடைக்கலாம். அந்த வரிசையில் நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகிறவர்களும் இருப்பார்கள், நாகவிகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்களும் இருப்பார்கள். தெற்கிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவருக்குக் கை கொடுத்தால், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்று அவர் தன் மொழியில் சொல்லக்கூடும். கணக்கைத் தானே தீர்க்காமல் மேலிடத்துக்கு அனுப்பிவிடும் சாமர்த்தியம் அது. மேலிடம் எப்போது தீர்க்கும் என்று அவரிடம் கேட்கக்கூடாது.

படி 3: ஏதனத்தைக் கவனியுங்கள்

சொந்தக்கார மாமி வீட்டுக்குச் சொக்லேற் பெட்டியோடு போங்கள். "உதெல்லாம் ஏன் மோனை" என்று சொல்லிக்கொண்டே வாங்குவார். வாங்கியதைத் திறந்து பார்க்கமாட்டார். பெட்டி அலுமாரிக்குள் போகும். சந்தோஷப்பட்டாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்து அறிய முயலவேண்டாம். தேத்தண்ணி வரும், அதைக் குடியுங்கள்.

அடுத்த நாள் காலையில் படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு பிள்ளை வரும். கையில் மூடிய ஏதனம். உள்ளே நண்டுக்கறி. "அம்மம்மா குடுத்துவிட்டவ" என்று சொல்லி வைத்துவிட்டு ஓடிவிடும். நீங்கள் பின்னாலிருந்து நன்றி சொன்னால், என்னவோ பிழை செய்துவிட்டோம் என்று பயந்து திரும்பிப் பார்க்கும்.

இங்கேதான் அனேகர் வழுக்கி விழுகிறார்கள். கறியைச் சாப்பிட்டு, ஏதனத்தைப் பளபளவென்று கழுவி, அன்று பின்னேரமே கொண்டுபோய்க் கொடுத்து, வாய் நிறைய நன்றியும் சொல்லிவிட்டு வந்தால், கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் உறவும் அதோடு முடிந்தது. வெறும் ஏதனம் திரும்பிப் போகக்கூடாது. நாலு தேசிக்காயோ, இரண்டு முருங்கைக்காயோ, ஒரு பிடி சீனியோ அதில் இருக்கவேண்டும். அதற்காக அன்றே அதே பெறுமதியில் இன்னொரு கறியைச் சமைத்து அனுப்புவதும் பிழை. உன்னோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது. எந்த நேரமும் இரண்டு வீட்டில் ஒரு வீடு கொஞ்சம் கடன்பட்டிருக்கவேண்டும். கணக்குச் சரியாகிவிட்டால் அந்தப் பிள்ளை படலையைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும்.

சொக்லேற்றுக்கான முழு நன்றி நீங்கள் புறப்படுகிற அன்றுதான் வரும். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் என்று கிலோக் கணக்கில் வரும். உலகத்தில் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கக்கூடிய நன்றி இது ஒன்றுதான். விமான நிலையத்தில் நிறுத்தும் காட்டுவார்கள். கூடுதல் நிறைக்குக் காசு கட்டும்போது, நன்றி கிடைக்கவில்லை என்று பஸ்ஸிலிருந்து குறைப்பட்டது நினைவுக்கு வந்தால் நல்லது.

படி 4: எழுத்தில் வேண்டுமென்றால் பொறுத்திருங்கள்

எழுத்துமூலமான நன்றிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஊரில் ஏற்பாடு உண்டு. அதற்கு ஒரு மரணம் தேவை.

செத்த வீட்டுக்குப் போங்கள். பந்தலுக்குக் கதிரை இழுத்துப் போடுங்கள், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுங்கள், மூன்று நாள் சமையலில் நில்லுங்கள். அப்போது ஒருவரும் உங்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நீங்களும் போகும்போது போயிட்டு வாறன் என்று சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும். இரு தரப்பும் வாய் திறவாத இந்த ஒப்பந்தம் 30 நாள் நீடிக்கும். 31ஆம் நாள் பத்திரிகையில் இறந்தவரின் படத்தோடு 'நன்றி நவிலல்' வெளிவரும். செய்தி கேட்டு ஓடிவந்தோர், தொலைபேசியில் ஆறுதல் சொன்னோர், மலர்வளையம் வைத்தோர், கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியோர், உணவு சமைத்தோர், இறுதிக் கிரியையில் கலந்துகொண்டோர் என்று ஒருவரையும் விடாத பட்டியல் அது. நினைவு மலரான கல்வெட்டு அச்சடித்தால் அதன் கடைசிப் பக்கத்திலும் இதே பட்டியல் வரும்.

அதில் உங்கள் பெயரைத் தேடவேண்டாம். "சகல வழிகளிலும் உதவிய அனைவருக்கும்" என்ற வரியில் நீங்கள் இருக்கிறீர்கள். பெயர் போடாமல் விட்டதில் பெரிய விவேகம் இருக்கிறது. ஒருவரின் பெயர் அச்சாகி இன்னொருவருடையது விடுபட்டால், அடுத்த தலைமுறையின் கலியாணம் வரைக்கும் அது பேசப்படும். செத்த வீட்டுக்கு வராதவர்களின் பட்டியலும் அந்த வீட்டில் உண்டு. அது பெயர் பெயராக, மிகச் சரியாக, எவ்விதச் செலவுமில்லாமல் மனதிலேயே பாதுகாக்கப்படும்.

படி 5: கல்லில் பெயர் வெட்டுமுன் ஆபுத்திரனை விசாரியுங்கள்

பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாங்கியின் முகப்பில் உங்கள் பெயரும் நீங்கள் வாழும் நாடும் பொறித்த பளிங்குக்கல். திறப்பு விழாவில் நீண்ட நன்றியுரை. மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து குடித்துவிட்டு ஓடுவார்கள். கல்லை வாசிக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்க நேரம் போதாது. இதில் மனம் நோகிறவர்கள் ஒருமுறை படகேறி நயினாதீவுக்குப் போய்வரவேண்டும்.

அங்கே அம்மன் கோவில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது தீவார் நம்பிக்கை. அந்தக் காப்பியத்தில் அமுதசுரபியை முதலில் கையில் ஏந்தியவன் ஆபுத்திரன். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு பசித்தவர்களுக்கெல்லாம் போட்டான். அவன் செய்த தானத்துக்குப் பலன் தருகிறேன் என்று இந்திரனே இறங்கி வந்தான். அதைவிடப் பெரிய இடத்திலிருந்து நன்றி வரமுடியாது. ஆபுத்திரன் சிரித்துவிட்டான். பசித்தவர் முகத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாதவனுக்குத் தேவலோகத்தில் என்ன வேலை என்பது அவன் நியாயம். அவமானப்பட்ட இந்திரன் மழையைப் பொழிய வைத்தான். நாடு செழித்தது, பசி போனது, சோறு வாங்க ஆளில்லை. பாத்திரத்தோடு அலைந்த ஆபுத்திரன் சாவகத்துக்குக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் இறங்கியதை அறியாமல் கப்பல் போய்விட்டது. மனித நடமாட்டமில்லாத தீவு. கையில் உலகத்துக்கே சோறு. தனக்கு மட்டும் சாப்பிட மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து இறந்தான்.

புங்குடுதீவாருக்கு இது பழங்கதை மட்டுமல்ல. 1991இல் இராணுவம் தீவுப்பகுதியைப் பிடித்தபோது ஊர் ஏறக்குறைய முழுவதும் இடம்பெயர்ந்தது. போனவர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. கூரை விழுந்த கல்வீடுகளின் நடுவே இன்று இருக்கிறவர்கள் கொஞ்சப் பேர். வெளியே பணம் இருக்கிறது, மனம் இருக்கிறது, ஊர் ஒன்றியங்கள் இருக்கின்றன. வாங்குவதற்கு ஒரு பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறதே என்பதற்கு நீங்கள்தான் நன்றி சொல்லவேண்டும். கல்லைத் தாங்கியின் பின்பக்கம் பதித்தாலும் தண்ணீர் வரும்.

படி 6: கொடுத்தது யாருடையது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். தயவுசெய்து நில்லுங்கள்.

இந்தத் தீவில் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உவர்த் தண்ணீர்தான். நல்ல தண்ணீர்க் கிணறு அருமை. கோடையில் தண்ணீர்ப் பவுசரைப் பார்த்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தின் பல கிணறுகளில், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களாகத் தண்ணீர் அள்ளக்கூடாது. குடத்தோடு ஓரமாக நிற்கவேண்டும். யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றுவார். ஊற்றியவர் தன்னை உபகாரி என்றுதான் எண்ணியிருப்பார். நின்றவர் பணிந்து வாங்கிப் போயிருப்பார். உதவி, பணிவு, நன்றி எல்லாம் ஒரு குறையுமின்றி நடந்த காட்சி. இந்த வழிகாட்டிக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

புங்குடுதீவைச் சேர்ந்த ஆசிரியரும் எழுத்தாளருமான மு. தளையசிங்கம் அந்தக் காட்சியைக் குழப்பினார். 1971இல் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோவில் நன்னீர்க் கிணற்றில் எல்லோரும் அள்ளும் உரிமைக்காகப் போராட்டத்தில் இறங்கினார். பொலிஸ் அடித்தது, சிறையில் வைத்தது. 1973இல் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊற்றுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் அன்பாக ஊற்றவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நடுவில் ஊற்றுகிற கை எதற்கு என்று கேட்டார்.

ஆகவே நன்றிக்காகக் காத்திருக்குமுன் கையைப் பாருங்கள். வேலைக்கு வந்தவருக்குப் பேசிய கூலியைக் கொடுத்தீர்களா? அது அவருடைய காசு. இத்தனை வருஷம் உங்கள் வளவைப் பார்த்துக்கொண்டவர் அதில் நாலு தேங்காய் பொறுக்கியதைப் பெரிய மனதோடு மன்னித்தீர்களா? உங்கள் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றியது அவர். பங்குக் கிணற்றில் பக்கத்து வீட்டாரை அள்ளவிட்டீர்களா? காணி உறுதியை எடுத்து வாசியுங்கள், அவர்கள் பங்கும் அதில் எழுதியிருக்கும்.

படி 7: உங்களுக்குரிய அதிகாரத்தை வாசியுங்கள்

செய்ந்நன்றி அறிதல் குறளில் 11ஆம் அதிகாரம். வாங்கியவர் எதை மறக்கக்கூடாது என்று வாங்கியவருக்கு எழுதியது. ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். கைம்மாறு பார்க்காமல் செய் என்று கொடுத்தவருக்கு எழுதியது. வள்ளுவர் இரண்டையும் தனித்தனியாக, பத்து அதிகாரம் இடைவெளி விட்டுத்தான் வைத்தார். ஆனால் கொடுத்தவர்கள் 11ஆம் அதிகாரத்தையும் வாங்கியவர்கள் 22ஆம் அதிகாரத்தையும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பச் சண்டைகளில் அரைவாசி இந்த மாறாட்டத்தில் வந்தவை. அவரவர் அதிகாரத்தை அவரவர் வாசிக்கவும். அதற்கும் நேரமில்லை என்பவர்கள், புறப்படுமுன் மாமியின் ஏதனத்தில் நாலு தேசிக்காயைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.