அலுவல்வழித் தஞ்சை காண்டல்: ஒரு நிழலியல் ஆய்வு

அலுவல்வழிக் காண்டலாவது, பிறர் செலவில் ஓர் ஊருக்குப் போய், அவ்வூரைத் தன் ஆசைக்குப் பார்த்து, பயணப்படிப் பட்டியலில் அதைப்பற்றி மூச்சுவிடாதிருத்தல். ‘பிறர்’ என்றது நிறுவனத்தை. இதனைத் திருட்டு என்பாரும் உளராலோ எனின், அவர் கூற்றுப் பொருந்தாது. அவர்கள் என் முந்தைய கட்டுரைகளை மேற்கோள் காட்டுவதில்லை.

ஆய்வுக்களம் தஞ்சாவூர். காலம் மார்ச் மாதக் கடைசி. ஆய்வாளர் வங்கித் தணிக்கையாளர். தகவலாளர் வாடகைக் கார் டிரைவர் ஒருவர்.

இவ்வாறு காண்போர் நால்வகையினர். வேலையை முடித்துவிட்டு ஊர் பார்ப்போர் முதல் வகை, சான்று கிடைக்கவில்லை. ஊர் பார்த்துவிட்டு வேலையை முடிப்போர் இரண்டாம் வகை. என் மேலதிகாரி படிக்கக்கூடும் என்பதால் விரிக்கவில்லை. சரசுவதி மகாலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஓலைச்சுவடியைப் பார்த்து, “இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திரணும் சார்” என்று சொல்லிவிட்டுத் தலையாட்டி பொம்மை வாங்கப் போவோர் மூன்றாம் வகை. மாலை ஆறரைக்குமேல் பெரிய கோயிலுக்கு வருவோர் நான்காம் வகை. இவர்களே நம் ஆய்வுக்குரியோர்.

முதலாம் ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயில். விமானம் ஏறத்தாழ 216 அடி. அதன் நிழல் தரையில் விழாது என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறது (டிரைவர், வாய்மொழி). காலை எட்டு மணிக்குப் போனால், விமானத்துக்கு மேற்கே முற்றத்தில் நிழல் தாராளமாகப் படுத்துக் கிடப்பதைக் காணலாம். பிறகு எப்படி இந்தப் பேச்சு சாகாமல் இருக்கிறது? சோழர் கால நுட்பம் என்பர் ஒருசாரார் (டிரைவர், மேற்படி, ஏசி போட மறுத்த நிலையில்). அலுவலக நேரமே காரணம் என்பது என் கருதுகோள்.

தணிக்கை காலை பத்துக்குத் தொடங்கும். லாட்ஜில் காலைச் சிற்றுண்டி இலவசம். ஆகவே ஒன்பதரைவரை இட்லியை விட்டு நகர இயலாது. மதிய இடைவேளையில் ஓடலாம் என்றால், பன்னிரண்டரை வாக்கில் சாத்திய நடை நாலு மணிக்குத்தான் திறக்கும். முற்றத்தையாவது பார்ப்போம் என்று இறங்கியவர் அந்தத் தரைச் சூட்டில் தன் பாதத்தைத் தவிர வேறெதையும் நினைக்கமாட்டார். மாலையில் கிளை மேலாளர் காபி வாங்கித் தராமல் விடமாட்டார். எல்லாம் கூட்டினால் ஆறரை. அப்போது சூரியன் இல்லை. சூரியன் இல்லையேல் நிழல் இல்லை. ஊர் திரும்பி “நானே பார்த்தேன், நிழல் விழலை” என்பவர் சத்தியமே பேசுகிறார் (டிரைவர், தம் மாமனாரை மேற்கோள் காட்டி, மாமனார், ஊரார் சொல்வதை மேற்கோள் காட்டி, ஊரார், மேற்படி டிரைவரை மேற்கோள் காட்டி). பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலவும் இந்த முறையிலேயே அமைந்திருப்பதால் இதன் நம்பகத்தன்மையை ஐயுற வேண்டியதில்லை.

கருத்தரங்கப் பேராசிரியர்கள் காலையிலேயே கோயிலில் இருக்கிறார்களே எனின், உண்மை. இரண்டாம் நாள் அமர்வில் கட்டுரை வாசிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் அவர்களும் நிழலைப் பார்ப்பதில்லை, அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். சான்றிதழ் தரும் நேரத்துக்குச் சரியாக எழுந்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். அங்குள்ள கல்வெட்டில், கோயிலின் ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், குடியிருந்த தெரு, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு நூறு கலம் நெல் என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. இத்தனை சுத்தமான சம்பளப் பட்டியலை நான் தணிக்கை செய்த எந்தக் கிளையிலும் கண்டதில்லை. ஆட்சேபம் எழுதக் கை அரிக்கிறது, எழுத இடமில்லை. இதைப் பார்க்க லீவே போடலாம். காரணத்தையும் உள்ளபடி எழுதலாம்.

மேலாய்வுக்குரியவை: தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதையொட்டி, கும்பகோணம் வட்டாரக் கிளைகளின் கணக்குகளில் ஏதோ சரியில்லை என்ற வலுவான ஐயம் எனக்கு எழுந்துள்ளது. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்.