பாதைக்குக் காத்திருத்தலும் கதையெழுதும் பழக்கமும்: கொட்டியாரக் குடாவை முன்வைத்து ஓர் ஆய்வு

எழுத்துப் பழக்கம் பற்றிய அறிவுரைகள் யாவும் கையைச் சுற்றியே நிற்கின்றன: நல்ல பேனா, தனிக் கொப்பி, விடியப்புறம் நாலு மணி. இவ்வாய்வின் கருதுகோள் வேறு. கதையெழுதுதல் காதைப் பொறுத்தது. எழுதுபவரின் காதையன்று, பக்கத்தில் அகப்பட்டவரின் காதை.

முதற்சான்று றொபேட் நொக்ஸ். புயலில் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தவர், 1660இல் மூதூர்ப் பக்கம் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டுக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். தனிமையே எழுத்தை வளர்க்கும் என்னும் கட்சியாருக்கு இதைவிட உகந்த நிலைமை வாய்க்காது. நூலோ 1679இல் தப்பிய பிறகு, ஊர் திரும்பும் கப்பலில்தான் உருவாயிற்று. லண்டனில் விஞ்ஞானி றொபேட் ஹூக் கோப்பிக் கடைகளில் அவரைச் சந்தித்துக் கதை கேட்டார்; முன்னுரையும் கொடுத்தார். 1681இல் புத்தகம் வெளிவந்துவிட்டது.

இரண்டாஞ்சான்று மண்ணுக்குள் இருக்கிறது. ஜேன் ஒஸ்டின் சிறுமியாக எழுதிய கதைகளில் இரண்டைத் தம்பி சார்ள்ஸுக்குச் சமர்ப்பித்தார். வளர்ந்து கடற்படையில் சேர்ந்த தம்பி, 1801இல் கிடைத்த பரிசுப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கிக் கொடுத்தார். 1814இல் வெளிவந்த ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலிலும் ஒரு கடற்படைத் தம்பி... இல்லை, அங்கே அண்ணன், சிலுவையும் அம்பர். கேட்பவரைக் கதைக்குள் இழுத்துப் போடும் வழக்கம் அன்றே இருந்ததென்க. ரியர் அட்மிரல் சார்ள்ஸ் 1852இல் பர்மாவில் இறந்தார். ஜேன் ஒஸ்டினின் முதற் கதைகளைக் கேட்ட காதுகளுள் இரண்டு இன்று திருகோணமலைச் சேமக்காலையில் அடங்கியுள்ளன. நகரசபை இதை உல்லாசப் பயணிகளுக்குப் போதிய அளவு எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

எதிர்ச்சான்றையும் மறைக்கலாகாது. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர், சென்னைக்குப் போய் மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். நூலகத்தில் வாய் திறக்க முடியாது. சுற்றிவரக் காதுகள், சொல்ல வழியில்லை, ஆகவே எழுதினார் என்று கொண்டு இவ்வாய்வு தப்பித்துக்கொள்கிறது.

மூதூர் வ. அ. இராசரத்தினத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் ஆசிரியர், வகுப்பு நிறையக் காதுகள், மணியடிக்கும்வரை எழும்பிப் போகவும் இயலாதவை. அவருடைய ‘தோணி’ தொகுதிக்கு 1962இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் மூதூரிலிருந்து பட்டினத்துக்குத் தரைவழியே வருபவர் துறைக்குத் துறை இறங்கிப் ‘பாதை’ என்னும் மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். காத்து நிற்பவரே சிறந்த கேட்பவர். 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள். வைத்தியசாலைக்கு ஓடுபவர்களுக்கு அது வரம். இலக்கியத்துக்கு நேர்ந்த சேதத்தை எந்தப் பொறியியலாளரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

2007இல் திருகோணமலையிலிருந்து ‘நீங்களும் எழுதலாம்’ என்றொரு கவிதையிதழ் புறப்பட்டது. ‘நீங்களும் கேட்கலாம்’ என்று ஓர் இதழ் இன்னும் எவருக்கும் தோன்றவில்லை. துறைசார் இடைவெளி இதுவே. அதுவரை களப்பணி மூதூர் பஸ்ஸில் நடைபெறும். கைப்பேசியை மடித்து வைத்துவிட்டு யன்னலோரம் சும்மா இருக்கும் பயணி எவரேனும் தென்பட்டால், பக்கத்து இருக்கை ஆய்வாளருக்கு. கையெழுத்துப் பிரதி பையில் ஆயத்தமாக உள்ளது.