மூத்த கணினியை மாற்றுவதா, வைத்திருப்பதா: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கூடத்தில், டிவிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே, பூப்போட்ட துணியுறை போர்த்தி நிற்கும் மேசைக் கணினியே இவ்வாய்வின் பொருள். மகன் காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. மகன் வேலைக்குப் போய்விட்டான், கணினி போகவில்லை. இதை மாற்றலாமா, ரிப்பேர் பார்க்கலாமா, இப்படியே விட்டுவிடலாமா என்ற கேள்வி வீடுதோறும் அவ்வப்போது எழுகிறது. பதில் மட்டும் எழுவதில்லை. அது ஏன் என்பதே ஆய்வுச் சிக்கல்.

ஆய்வு எல்லை: புதுச்சேரியின் இவ்விரு உள்ளாட்சிப் பிரிவுகள் (கொம்யூன்கள்); வடக்கே ஊசுடு ஏரி, தெற்கே தென்பெண்ணை. புதுச்சேரியின் நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதால், களப்பணியின்போது ஆய்வாளரின் டூவீலர் அடிக்கடி தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளிவர நேர்ந்தது. அங்கே கண்ட கணினிகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பெட்ரோலும் இந்தப் பக்கமே போடப்பட்டது.

இப்பகுதிக்குக் கணினி புதிதன்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐடிஆர்சி அமைப்பின் உதவியோடு 1998இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, நடுநிலையமாக இருந்தது வில்லியனூர்தான். அங்கிருந்து சுற்றுவட்டக் கிராமங்களுக்கு வயர்லெஸ் வழியே செய்தி போனது; கரண்ட் நின்றால் சூரிய ஒளித் தகடு கைகொடுத்தது. கடலோர வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். ஏம்பலத்தில் கணினி வைக்க இடம் கொடுத்தது கோயில். ஒரு முறை கோயிலில் இடம்பிடித்த இனத்தைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுக்க எந்தக் குடும்பமும் தயங்கும் என்பது ஆய்வாளரின் முதல் கருதுகோள். ஆயுத பூஜையன்று சிபியுவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்கப்படுவது இதற்குச் சான்று. (நெற்றி எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டிவிடி டிரைவின் மூடி என்பர் பெரும்பாலோர்; பவர் பட்டன் என்பர் இளையோர்.)

உலக அளவிலான கோட்பாடுகளையும் தொட்டுக்காட்டுவது மரபு. சில்லில் ஏற்றும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை குறுகிய காலத்தில் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் என்றார் கார்டன் மூர், 1965இல். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்றார் நிக்லாஸ் விர்த், 1995இல். மூர் செய்த சீரை விர்த் அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறார் என்று இதைச் சுருக்கலாம். நம் கூடத்துக் கணினி அந்த ரசீது.

கொம்யூன்களில் இவ்விஷயத்தில் மூன்று மரபினர் உளர். முதலாவது எஸ்எஸ்டி மரபு. மெக்கானிக் கடைகளில் செல்வாக்குள்ளது. பழைய ஹார்டு டிஸ்கில் தட்டு சுற்றவேண்டும், ஊசிக்கை ஓடித் தேடவேண்டும். எஸ்எஸ்டியில் அசையும் உறுப்பே இல்லை, ஆகவே அதைப் போட்டால் எந்தக் கிழமும் ஓடும் என்பது இவர்களின் வாதம். பெரும்பாலும் உண்மை. இரண்டாவது எக்ஸ்சேஞ்ச் மரபு, ஷோரூம்களைச் சார்ந்தது. மூன்றாவது, ‘அது பாட்டுக்குக் கெடக்கட்டும்’ மரபு. இதற்கு நூல் இல்லை, ஆசிரியர் இல்லை. பின்பற்றுவோர் மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

களத்தரவு ஒன்றை விரிவாகத் தரவேண்டும். பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு. கணினியைப் போட்டால் தேதி 2009 ஜனவரி 1 என்கிறது. பேங்க் இணையதளம் திறக்க மறுக்கிறது. மெஷின் ஆயுசு முடிந்தது என்று முடிவாகி, புது லேப்டாப்புக்கு நகைச்சீட்டைப் பாதியில் உடைப்பதுவரை பேச்சு போய்விட்டது. தம்பி மகன் வந்தான். பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே ஃபேன் இறக்கைகளில் கம்பளி கணக்காய்த் தூசி, ஓரத்தில் பல்லி முட்டை ஓடு இரண்டு. மதர்போர்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி, மூன்று வோல்ட். கரண்ட் இல்லாதபோது கணினிக்கு நேரம் மறக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது செத்தால் கணினி விழிக்கும்போதெல்லாம் பழைய தேதியில் விழிக்கும். பேங்க் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி ஒன்று உண்டு. 2009இல் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. எப்படி நம்பும்? பையன் பேட்டரியை மாற்றினான், ரேமைப் பிடுங்கி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினான்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான் பெரியப்பா.”

“அப்ப புதுசு வேணாங்கிற?”

“அதை நான் சொல்லலியே.”

அவன் சொல்லாததற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஓடு நின்றன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அந்தத் தலைமுறை வந்ததே 2017இல். ஆக, நன்றாக ஓடும் கணினியும் தலைமுறை காரணமாகப் பந்தியில் உட்கார முடியாமல் போகிறது. லினக்ஸ் போடலாம், சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்கூட இருக்கிறது. சொல்லிப் பார்த்தோம். “அதுல டேலி ஓடுமா?” என்ற ஒற்றைக் கேள்வியில் அந்த அதிகாரம் முடிந்தது.

மாற்றவே கூடாத கணினியும் ஒன்று உண்டு, அது டிடிபி கடையில் இருக்கிறது. எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7, பாமினி, வானவில் எழுத்துருக்கள். இணையம் கிடையாது, ஆகவே வைரஸ் பயமும் பென்டிரைவ் வரும்போது மட்டும்தான். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலிவரை ஊரின் வாழ்வும் சாவும் அதில் கோப்புகளாக இருக்கின்றன. பெயரையும் போட்டோவையும் மாற்றினால் போதும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் அதே கோப்பைத் திறந்தால், மணமகன் பெயர் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த கூட்டாகத் தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒரு கல்விச்சாலைக்கு ஊர்களைக் கொடுத்ததைச் சொல்லும் பாகூர்ச் செப்பேட்டை இன்றும் படிக்கிறார்கள். அதே பாகூரில் 2004இல் அடித்த மஞ்சள் நீராட்டு அழைப்பிதழுக்கு இந்த ஒரு கணினிதான் கதி.

இனி இவ்வாய்வின் மையக் கோட்பாடு. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாக 1956 ஆயிற்று, பிரான்ஸ் ஒப்புதல் தந்து சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஆள்பவர் ஒருவர், ஏட்டில் உள்ளவர் வேறொருவர். இந்த ஏற்பாட்டைத் தாத்தா காலத்திலேயே வாழ்ந்து பழகிய ஊருக்குக் கணினி விஷயத்தில் என்ன அவசரம்? என்றைக்குக் கரண்ட் பில்லைச் செல்போனில் கட்டினார்களோ அன்றே நடைமுறையில் ஆட்சி மாறிவிட்டது. பாட்டு போனது, டிக்கெட் புக்கிங் போனது, போட்டோ போனது. மேசை மட்டும் இன்னும் கணினியின் பெயரில் இருக்கிறது. ‘மாற்றலாமா’ என்று வீட்டில் கேட்பது, மாறி முடிந்த ஒன்றுக்குக் கையெழுத்துக் கேட்பது.

கையெழுத்து தாமதமாவதற்கும் கீழூரில் விளக்கம் உண்டு. பின்னர் வந்த அந்த ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே இருக்க விரும்பியோருக்கு ஆறு மாதத்தில் தெரிவு செய்யும் உரிமை தரப்பட்டது. ஹார்டு டிஸ்கில் உள்ள மகனின் காலேஜ் டூர் படங்களுக்கும் பெண்ணின் கல்யாண வீடியோவுக்கும் அப்படியொரு வாய்ப்பு தரவேண்டும். ஆனால் அவற்றைக் காப்பி எடுக்கிறேன் என்று போன தீபாவளிக்கு ஒப்புக்கொண்ட மகன், ஆறு மாதத்தில் முடிக்கும் ஆள் இல்லை. ‘எதிராக 8 பேர்’ கட்சியில் வீட்டம்மாவும் இருக்கிறார். மானிட்டர் போனால் அதன்மேல் ஆடும் தஞ்சாவூர் பொம்மைக்கு இடமில்லை.

ஒரு வீட்டில் கடைசிக் கட்டப் பேச்சுவார்த்தையை நேரில் பார்க்க முடிந்தது. பழைய இரும்புக்காரர் வண்டியை நிறுத்தி, உறையைத் தூக்கிப் பார்த்து, மொத்தமாக முந்நூறு என்றார். “வாங்கினப்ப முப்பத்திரண்டாயிரம்யா” என்றார் வீட்டுக்காரர். “வாங்கினப்ப நீங்களுந்தான் வயசுல இருந்தீங்க” என்றார் அவர். பேச்சு அங்கேயே முறிந்தது. உறையைத் திரும்பப் போட்டார்கள். அடுத்த சுற்று ஆயுத பூஜை கழிந்து.