சினை நண்டை விடுகிறவன் ஏமாளியா?

கேள்வி: கம்பெனிகள் சமூகப் பொறுப்பு என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கின்றனவே, நல்லதுதானே? (ஆசிரியை, மன்னார்)

பதில்: கொப்பியின் விலையைவிடப் பின்னால் கட்டிய பதாகையின் விலை கூட என்றால், அது விளம்பரச் செலவு. பிள்ளைகள் எழுதட்டும், நல்லது. அந்தக் காசு எப்படி வந்தது என்றும் ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி: சினை நண்டைத் திரும்பக் கடலில் விடச் சொல்கிறார்கள். நான் விட்டால் பக்கத்து வள்ளக்காரன் பிடிக்கிறான். நான் ஏமாளியா? (தலைமன்னார் மீனவர்)

பதில்: நீங்கள் மட்டும் விட்டால் ஏமாளிதான் அண்ணை, எல்லோரும் விட்டால் முதலாளி. வயிற்று மடலுக்குக் கீழே செம்மஞ்சளாய்க் கொத்தாக ஒட்டியிருப்பது பல இலட்சம் முட்டை. இதைப் புரிந்துகொண்டு ஏற்றுமதிக்காரர்களே முன்னின்றுதான் 2013இல் நீலக்கால் நண்டுக்கு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கினார்கள். தர்ம சிந்தனையா? அதுவும் இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் மொன்டரே பே மீன்காட்சியகம் கடலுணவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போடுகிறது. சிவப்பைப் பெரிய கடைக்காரர்கள் தொடத் தயங்குவார்கள். நம் நண்டுக்கு மஞ்சள் கிடைத்தது. நம்மூர்ப் பரீட்சையில் 'எஸ்' எடுத்த மாதிரி: வீட்டில் அடி விழாது, மாலையும் விழாது. நண்டுச் சதை எடுக்கும் ஆலைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். அந்த 'எஸ்' அவர்களுடைய சம்பளமும்தான்.

கேள்வி: பொறுப்பில்லாமல் பிடித்தால் என்ன குடியா முழுகிவிடும்? (பேசாலை)

பதில்: முழுகியதே! சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குக் கதவைச் சாத்தியது. திறந்தது 2016 ஜூனில். பிழை விட்டவை சில படகுகள், காத்துக் கிடந்தது முழு நாட்டின் மீன்பெட்டி.

கேள்வி: காற்றாலை சுத்தமான மின்சாரம். அதையும் எதிர்க்கிறீர்களே, இருட்டிலேயே இருக்க ஆசையா? (கொழும்பு)

பதில்: ஐயா, தம்பபவனியின் 30 காற்றாடிகள் 2020 டிசம்பரிலிருந்து எங்கள் தீவில்தான் நிற்கின்றன. மின்சாரம் உங்களுக்கும் வருகிறது. அவற்றுக்காகப் போட்ட பாதைகள் மழைத்தண்ணீரை மறிக்கின்றன என்கிறார்கள் ஊரார், அந்த வெள்ளம் மட்டும் எங்களுக்கே. பிறகு அதானி வந்தார்: மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாட், அலகு 8.26 அமெரிக்கச் சதம். அதை எதிர்த்து வழக்குகள் போனது வேறு கதை. விலையைத் திரும்பப் பேச அரசு முனைய, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டார். அடுத்து ஓர் உள்ளூர் நிறுவனம், 50 மெகாவாட், 4.65 சதம். ஏறக்குறைய பாதி விலை! அப்படியும் சனம் றோட்டில் இருந்தது. ஆகஸ்டில் ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார். செப்டெம்பரில் காற்றாடிப் பாகங்கள் பொலிஸ் காவலோடு வந்தன. டெண்டரை வெல்ல விலை போதும். லொறி ஊருக்குள் வர ஊரின் சம்மதம் வேண்டும், அதை முதலிலேயே வாங்கியிருந்தால் எவ்வளவு மலிவு!

கேள்வி: மன்னார்க் கழுதைகளுக்குச் சமூகப் பொறுப்பு உண்டா? (குறும்பன், எருக்கலம்பிட்டி)

பதில்: நிறைய. யார் ஏற்றினாலும் கேள்வி கேட்காமல் சுமக்கும். அதே குணத்தை மீனவரிடம் எதிர்பார்க்கிற கம்பெனிகளுக்குத்தான் சிக்கல்.

கேள்வி: இங்கே பெரிய கம்பெனி வந்து நொடித்துப்போன கதை முன்பும் உண்டா? (மாணவி, முருங்கன்)

பதில்: உண்டு. 1906இல் வெள்ளைக்கார அரசு நம் முத்துப்பார்களை 20 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. 1907க்குப் பிறகு பாரில் சிப்பி இல்லை, குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனியும் இல்லை. அரிப்புப் பக்கம் போனால், முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் நோர்த் கட்டிய டொரிக் மாளிகையைப் பாருங்கள். பெரும்பகுதி இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது, மிச்சமும் சரிந்துகொண்டிருக்கிறது.