முருகனுக்கும் ஒரு பங்கு

கேள்வி: “பக்தியையும் தொழிலையும் இணைத்து, அடுத்த இருபது வருஷத்துக்கான தொலைநோக்குத் திட்டத்தை எழுதி வையுங்கள்” என்கிறான், பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த மகன். பிள்ளையார் சுழியோடு பேனா நிற்கிறது. என்னதான் எழுதுவது?
– வாசகர், நெற்குப்பை

பதில்: நெற்குப்பையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊர்க் குமரப்பன் பழனிக்கு உப்பு விற்கப் போனார். லாபத்தில் முருகனுக்கென்று ஒரு பங்கை மகமையாக ஒதுக்கினார். மற்ற ஊர் நகரத்தார் வணிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏற்பாடு செப்புப் பட்டயத்தில் ஏறியது. தைப்பூசத்துக்குக் காவடி இன்றும் நடந்தே போகிறது. எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அவர் பணம் கட்டியதாகத் தகவல் இல்லை!

செம்பில் வெட்டுவதில் ஒரு வசதி, அடித்துத் திருத்த முடியாது. அதனால் ஆசையை அளந்துதான் எழுத வேண்டும். பின்னாளில் கடல் தாண்டி வட்டிக்கடை வைத்த நகரத்தாரும் சாமிக்கு மகமை எடுத்து வைத்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்கள் அவர்கள்தாம்.

அவர்கள் ஏட்டில் ஏறியது கடவுளிடம் கேட்டதல்ல, கடவுளுக்குக் கொடுத்தது. நீங்களும் லாபத்தில் எவ்வளவு, எந்தக் காரியத்துக்கு, யார் பொறுப்பு என்று மூன்றே வரி எழுதி, மகனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். “ஜிஎஸ்டி போகவா, சேர்த்தா?” என்று கேட்டால் பையன் தேறிவிட்டான், கடைச் சாவியைக் கொடுத்துவிடலாம்.